சர்நேம்: பிரித்தானிய மீநாயகனுக்கு ஒரு குடும்பப்பெயர்

கதைக்காக ஒரு பிரித்தானிய மீநாயகனை, அதாவது சூப்பர் ஹீரோவை, உருவாக்குவோர் அவனுக்கு எந்தச் ‘சர்நேம்’ வைக்கலாம், அச்சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்பதே இங்கே பேச்சு. இயற்பெயருடன் சேர்ந்து, பெரும்பாலும் தந்தைவழியில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கிவரும் பெயரை ஆங்கிலத்தில் ‘சர்நேம்’ என்பர். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின் அங்கே வழங்கிய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. இதன் முன்னொட்டாகிய ‘சர்’, ‘மேல்’ எனப் பொருள்படும் ‘சூப்பர்’ என்னும் இலத்தீன் சொல்லின் தேய்ந்த வடிவம். அதாவது சர்நேமுக்கும் சூப்பர் ஹீரோவுக்கும் முன்னொட்டு ஒன்றே. சூப்பர் ஹீரோவை மீநாயகன் என்று ஆக்குவோர் இதையும் ‘மீப்பெயர்’ என்று ஆக்கலாம்தான், ஆனால் படிப்பவருக்கு விளங்காது என்பதால் அந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

தொடக்கத்தில் இச்சொல் ஒருவருக்கு மேலதிகமாகச் சூட்டிய அடைபெயரை மட்டுமே குறித்தது. முதலாம் ரிச்சர்டு மன்னருக்கு வழங்கிய ‘சிங்கநெஞ்சர்’ என்னும் பெயர் அத்தகையது. அது பிள்ளைகளுக்கு இறங்குவதன்று. நார்மானிய நிலக்கிழார்களிடம் வேரூன்றிய பரம்பரைப் பெயர் வழக்கம் மெல்லப் பரவி, ஏறத்தாழ 1400ஆம் ஆண்டளவில்தான் இங்கிலாந்தின் பொதுமக்களிடையேயும் நிலைபெற்றது. முகமூடி அணிந்த நாயகனுக்கு ஊரார் வைக்கும் பெயர் சர்நேமின் பழைய பொருளையும், முகமூடியைக் கழற்றியபின் அவன் வீட்டுக் கதவில் இருக்கும் பெயர் புதிய பொருளையும் சேர்ந்தவை எனலாம்.

கற்பனை நாயகனுக்கு இந்த இரண்டாவது பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் கடினமானது. அமெரிக்கப் படக்கதைகள் இதற்கு மோனையை நாடின. ஸ்பைடர்மேனின் இயற்பெயரான பீட்டர் பார்க்கர் என்பது நாவில் எளிதில் நிற்பதற்குக் காரணம் அதுவே. 1976இல் பிரித்தானிய வாசகர்களுக்காக உருவாக்கப்பட்ட கேப்டன் பிரிட்டனும் அதே முறையில் பிரையன் பிராடக் ஆனான். ஆனால் பிராடக் வெறும் ஓசைப் பெயர் அன்று. ‘அகன்ற ஓக் மரம்’ எனப் பொருள்படும் அது இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வால் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயரும்கூட. 1643இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் ஒரு சண்டை அவ்வூரருகே நிகழ்ந்தது. இதற்கு மாறாக, ‘ஸ்டீல்’ (எஃகு), ‘நைட்’ (போர்வீரன்), ‘ஸ்டார்ம்’ (புயல்) போன்ற பெயர்களை வைப்பவர்கள் நாயகனின் ஆற்றலை இருமுறை சொல்லிவிடுகிறார்கள். அவை உண்மையில் வழங்கும் பெயர்களே என்றாலும், முகமூடியின் வேலையைக் குடும்பப்பெயர் செய்ய வேண்டியதில்லை. காவலன் என்னும் குறிப்பு வேண்டுமானால் ‘ஹேவர்டு’ போதும். பயிருக்குள் கால்நடை புகாதபடி வேலிகளைக் கவனித்த கிராம அலுவலரின் தொழிற்பெயர் அது.

பிரித்தானியக் குடும்பப்பெயர் பெரும்பாலும் ஒருவருடைய வட்டாரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ட்ரெ’, ‘பென்’ என்று தொடங்கினால் கார்ன்வால். ‘ஆக்ராய்டு’, ‘ஹோல்ராய்டு’ போலக் காடு திருத்திய நிலத்தைக் குறிக்கும் ‘ராய்டு’ என முடிந்தால் இங்கிலாந்தின் வடக்கே மேற்கு யார்க்ஷயர். வேல்ஸில் ‘மகன்’ எனப் பொருள்படும் ‘ஆப்’ என்னும் ஒட்டு தந்தை பெயரோடு ஒட்டிக் கரைந்ததால், ‘ஆப் ரீஸ்’ என்பது பிரைஸ் ஆகவும், ‘ஆப் ஹவெல்’ என்பது பவெல் ஆகவும் உறைந்தன. ஸ்காட்லாந்து நாயகனாயின் என் தேர்வு மக்கிரெகர். 1603இல் அரசர் ஆறாம் ஜேம்ஸின் ஆட்சி அப்பெயரையே தடைசெய்து, அதை விடாமல் வைத்திருப்போருக்கு மரண தண்டனை விதித்தது. இடையில் சில காலம் நீங்கிய அத்தடை 1774இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. அதுவரை அக்குடியினர் கேம்பெல், டிரம்மண்டு, மரே என வேறு பெயர்களுக்குள் மறைந்து வாழ்ந்தனர். மறைபெயரோடு வாழ்வதை மூதாதையரிடமே கற்ற குடும்பத்தில் முகமூடி வீரன் ஒருவன் பிறப்பது எவ்வளவு இயல்பானது!

தமிழில் சர்நேமுக்கு நேராகக் குலப்பெயர், பட்டப்பெயர், கடைசிப் பெயர், குடும்பப்பெயர் ஆகியவை வழங்குகின்றன. குலப்பெயரும் பட்டப்பெயரும் நம் காதில் சாதியையே ஒலிக்கின்றன. 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு துறக்கச் சொன்னது அப்பட்டங்களைத்தான். ஸ்மித் என்பவரின் முன்னோர் கொல்லராக இருந்தார் என்பதற்கு மேல் அப்பெயருக்கு அத்தகைய பொருள் இல்லை. மக்கிரெகர் போன்ற ஸ்காட்லாந்துக் குடிகளுக்கு மட்டும் ‘குலப்பெயர்’ ஓரளவு பொருந்தும். ‘கடைசிப் பெயர்’ என்பதோ இடத்தைச் சொல்கிறதேயன்றிப் பொருளைச் சொல்லவில்லை. மேலும், சிறப்புப்பெயருக்கு முன்னால் இயற்பெயரை வைக்கலாகாது என்று தொல்காப்பியமே விதித்திருப்பதால், அடைபெயர் முன்னே வருவதுதான் நம் மரபு. ‘மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்’ என்பதில் ஊரும் தந்தையும் தந்தையின் தொழிலும் இயற்பெயருக்கு முன் அணிவகுக்கின்றன. ‘உறையூர் ஏணிச்சேரி முடமோசியார்’ என்பதில் ஊர், சேரி, உடற்குறி மூன்றும் உள்ளன. ஆங்கிலேயக் குடும்பப்பெயர்கள் பிறந்த ஊற்றுகள் எல்லாம் இங்கேயும் இருந்தன. அவை பரம்பரையாக இறங்கவில்லை என்பதே வேறுபாடு. பரம்பரையாக இறங்குவதே சர்நேமின் இன்றைய உயிர்ப்பொருள் என்பதால், ‘குடும்பப்பெயர்’ என்பதே பொருத்தமான தமிழ்.

இலண்டனில் குடியேறிய ஈழத்தமிழர் வீடுகளில் பெயர் பரம்பரையாக இறங்காத இந்த வழக்கமும் இப்போது மாறிவருகிறது. படிவத்தில் சர்நேமுக்கான கட்டத்தை நிரப்பத் தந்தையின் இயற்பெயரை எழுதுகிறார்கள். அந்தப் பிள்ளை தன் பிள்ளைக்கும் அதையே கொடுக்கும்போது, ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆனதுபோல அப்பெயரும் உறைந்துவிடுகிறது. ஆகவே இலண்டனின் ஹாரோவில் பிறந்த தமிழ் மீநாயகி ஒருத்தியை எழுதுபவர், பாட்டனாரின் இயற்பெயரான சிவலிங்கத்தையே அவளுக்குக் குடும்பப்பெயராக வைக்கலாம்.