பேனலில் ‘ஃபால்ட்’ எரிந்தால்

செட்டிநாட்டில் தங்கும் விடுதிகளாக மாறிய பழைய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாக் கருவிகளையும் கண்காணிக்கும் பேனல் பெட்டியில் ‘ஃபால்ட்’, அதாவது பழுது, என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக அண்ணே என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு வெள்ளையடித்ததிலிருந்து எரிகிறது தம்பி. விடாமல் கத்தியது, பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டேன். நெருப்பு என்றால் சிவப்புத்தானே எரியும்?” என்றார் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்.

நெருப்புக்குச் சிவப்புதான். ஆனால் ஃபால்ட் இருக்கும் இடத்தில் நெருப்புப் பிடித்தாலும் அந்தச் சிவப்பு எரியாமல் போகலாம்.

அந்த வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மாடி ஒவ்வொன்றும் ஒரு ஜோன், அதாவது தனிப் பிரிவு. ஒவ்வொரு ஜோனுக்கும் பேனலிலிருந்து இரண்டு கம்பிகள் கிளம்பி, புகையை உணரும் டிடெக்டர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். கடைக்கோடியில், மின்சாரத்தை மட்டுப்படுத்தும் ஒரு சிறிய ரெசிஸ்டர். அதன் வழியாக எந்நேரமும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். புகை பட்டால் டிடெக்டர் கூடுதல் மின்சாரத்தை இழுக்கும். சிவப்பு எரியும், மணி அடிக்கும். ஓட்டமே நின்றுவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று பேனல் புரிந்துகொள்ளும். அதுதான் மஞ்சள்.

இரண்டாம் கட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு படக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில், வெள்ளையடித்தவர் ஒரு டிடெக்டரைத் திருகிக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். இந்த வகைப் பேனலில் நடுவில் ஒன்றைக் கழற்றினால் அதற்கு அப்பால் இருப்பவை எல்லாமே துண்டிக்கப்பட்டுவிடும். அப்பால் ஐந்து டிடெக்டர்கள். அவற்றில் ஒன்று, தேக்குப் பெட்டிகளும் பழைய துணிமணிகளும் அடைந்து கிடந்த சாமான் அறையில். ஆபத்தில் கையால் அமுக்கும் சிவப்புப் பெட்டியும் அதே கம்பியின் கடைசியில்தான் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் யாராவது அதை அமுக்கியிருந்தாலும் மணி அடித்திருக்காது. அதை நினைத்தபோது எனக்கு உடம்பு பதறியது.

எல்லா ஃபால்ட்டும் இப்படி அல்ல. பாட்டரி இறங்கியிருக்கலாம், எலி கம்பியைக் கடித்திருக்கலாம். எதுவானாலும் பொத்தான் சத்தத்தைத்தான் நிறுத்தும். பழுது அப்படியே இருக்கும். எந்த ஜோன், எந்த நேரம் என்று குறித்துக்கொண்டு அன்றே பராமரிப்பவரை அழையுங்கள். அவர் வரும்வரை அந்தப் பகுதியை ஓர் ஆள் அடிக்கடி சுற்றி வரட்டும்.

வெள்ளையடிக்கும்போது டிடெக்டரைக் கழற்ற வேண்டாம். அதற்கென்றே பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. மூடினால் அந்த ஒன்று மட்டும்தான் புகையை உணராது, மற்றவை வேலை செய்யும். மாலையில் வேலையாட்கள் கிளம்புமுன் மூடிகளை எண்ணி வாங்கிவிடுங்கள்.