ஃபீல்ட் மார்ஷல்: பதவி அல்ல, பட்டம்

'ஃபீல்ட் மார்ஷல்' என்பதைத் தமிழாக்கும்போது, ஃபீல்ட் என்றால் களம், மார்ஷல் என்றால் தளபதி, ஆகவே 'களத் தளபதி' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதாதீர்கள். களத்தில் நிற்கும் எந்த அதிகாரியையும் அப்படிச் சொல்லலாம். ஜெர்மன் தரைப்படையில் இதுவோ ஜெனரல்களுக்கெல்லாம் மேலே இருந்த பட்டம், முழுப்பெயர் கெனரால்ஃபெல்ட்மார்ஷால்.

சொல்லின் பிறப்பு எளிமையானது. பழைய ஜெர்மனில் 'மரா' என்றால் குதிரை, 'ஸ்கால்க்' என்றால் வேலையாள்; லாயத்தைப் பார்த்துக்கொண்டவன்தான் முதல் மார்ஷல். குதிரைப்படை பலமாக இருந்த காலத்தில் அவனே அரசனுக்கு நெருக்கமானவனாகி, மெல்லப் படைக்கே தலைவனானான். பிரெஞ்சில் இந்தச் சொல்லின் ஒரு கிளை இன்னும் லாடம் அடிப்பவரைக் குறிக்கிறது. அரண்மனையைக் கவனித்தவர் ஹோஃப்மார்ஷால், போருக்குப் போனவர் ஃபெல்ட்மார்ஷால்.

பிரான்ஸ் வீழ்ந்ததும் 1940 ஜூலை 19 அன்று ஹிட்லர் ஒரே நாளில் 12 பேருக்கு இந்தப் பட்டத்தைக் கொடுத்தார். அவர்களில் கைட்டெல் போரில் எந்தப் படையையும் களத்தில் நடத்தியவர் அல்ல, தலைமையகத்தில் இருந்தவர். 1941 ஜூன் 22 அன்று சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த மூன்று படைத்தொகுதிகளுக்கும் தலைமை தாங்கியவர்கள் ஃபீல்ட் மார்ஷல்கள்: லெனின்கிராடை நோக்கி லீப், மாஸ்கோவை நோக்கி போக், கீவை நோக்கி ருன்ட்ஸ்டெட். 1942 ஜனவரி முடிவதற்குள் மூவரும் அந்தப் பொறுப்புகளில் இல்லை, ஆனால் பட்டம் மட்டும் அப்படியே இருந்தது. வட ஆப்பிரிக்காவில் போரிட்ட ரோம்மலுக்கு அது லிபியாவின் டோப்ருக் துறைமுகத்தைப் பிடித்த கையோடு 1942 ஜூனில் கிடைத்தது.

பவுலுஸுக்குக் கிடைத்த விதம்தான் கொடுமை. ஸ்டாலின்கிராடில் அவர் தலைமையிலான ஜெர்மன் 6ஆம் படை சூழப்பட்டு, பட்டினியிலும் பனியிலும் செத்துக்கொண்டிருந்தபோது, 1943 ஜனவரி 30 அன்று வானொலி வழியே இந்தப் பட்டம் வந்தது. அதுவரை எந்த ஜெர்மன் ஃபீல்ட் மார்ஷலும் எதிரியிடம் சரணடைந்ததில்லை, ஆக இதன் பொருள் 'செத்துப்போ' என்பதுதான். பவுலுஸ் சாகவில்லை. மறுநாள் காலை ஒரு பல்பொருள் அங்காடியின் நிலவறையிலிருந்து கைதியாக வெளியே வந்தார். பின்னாளில் நியூரம்பெர்க் போர்க்குற்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தலைமைத் தளபதி' பொருந்தாது, அது பொறுப்பின் பெயர். இந்தியத் தரைப்படையின் மானெக்‌ஷா 1973 ஜனவரி 1 அன்று ஃபீல்ட் மார்ஷல் ஆனார், அதே மாதம் தலைமைத் தளபதி பொறுப்பை விட்டார், 2008இல் நீலகிரியில் இறக்கும்வரை ஃபீல்ட் மார்ஷலாகவே இருந்தார்.

நம்மிடம் இதற்கு நெருங்கிய பழைய சொல் ஒன்று உண்டு: ஏனாதி. படைத்தலைவனுக்கு அரசன் மோதிரம் அணிவித்துக் கொடுத்த பட்டம் அது. சங்கப் பாடல்களின் குறிப்புகளில் ஏனாதி திருக்கிள்ளி என்று ஒருவர் வருகிறார். பட்டத்தின் அடையாளம் இங்கே ஏனாதி மோதிரம், ஜெர்மனியில் வெல்வெட் சுற்றிய கழுகுச் சின்னக் கோல். எனக்கு மிகப் பிடித்த இணை இதுதான். ஆனால் இன்று அதை எழுதினால் பக்கத்திலேயே விளக்கமும் எழுத வேண்டிவரும். அதனால் நாளிதழ் நடைக்குப் 'பெருந்தளபதி' போதும், தளபதி வடசொல் என்று தயங்குபவர்கள் 'பெரும்படைத்தலைவர்' எனலாம். ஆளின் பெயரோடு வரும்போது மட்டும் 'ஃபீல்ட் மார்ஷல் ரோம்மல்' என்றே விட்டுவிடுங்கள்.