நாய்ச் சங்கிலி கைமாறும் நேரம்: கொழும்பில் நாய்களை உலாத்தும் தொழிலைத் தொடங்குவோருக்கு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் வசிக்கும் இளைஞர் ஒருவர் சட்டத்தரணியான என்னைப் பார்க்க வந்தபோது அவருடைய கையில் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று, வணிகப் பெயரைப் பதிவு செய்வதற்கான விண்ணப்பப் படிவம். மற்றது, மோட்டார் சைக்கிளில் சென்று விழுந்து கையை முறித்துக்கொண்ட ஒருவரின் சார்பில் அனுப்பப்பட்ட கோரிக்கைக் கடிதம். தீபாவளிக்கு முதல் நாள் மாலை, யாரோ கொளுத்திய வெடிச்சத்தத்தில், இந்த இளைஞர் உலாத்திச் சென்ற நாயொன்று மிரண்டு, கழுத்துப்பட்டியிலிருந்து தலையை உருவிக்கொண்டு மரைன் டிரைவின் குறுக்கே பாய்ந்திருக்கிறது. அந்தக் கடிதம் நாயின் உரிமையாளருக்கும் இவருக்கும் சேர்த்தே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளரோ, நாய் அந்நேரம் தம்மிடம் இருக்கவில்லை என்று கைவிரித்துவிட்டார். இளைஞர் முதலில் என்னிடம் கேட்டது படிவத்தைப் பற்றித்தான். படிவத்தைப் பதிந்துவிட்டால் கடிதத்துக்கும் பதில் கிடைத்துவிடும் என்று அவர் நம்பியிருந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியே இதனை எழுதுகிறேன்.)

தொடர்மாடிகள் பெருகிய இந்நகரில் காலையில் வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் குடும்பங்களின் நாய்களை வெளியே அழைத்துச் சென்று உலாத்தி வருவது இன்று ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. கறுவாத்தோட்டத்தில் அதிகாலையில் நடப்பவர்கள் நாலைந்து நாய்களை ஒருவரே பிடித்துச் செல்வதைக் கண்டிருப்பார்கள். முதலீடு குறைவு, விருப்பமான வேலை, கடை வாடகையும் இல்லை என்பதால் தொடங்குவது எளிது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இது நடைப்பயிற்சி விற்கும் தொழில் அன்று. பிறருடைய உயிருள்ள சொத்தை, பொது வீதியில், கூலிக்குக் காவல் செய்யும் தொழில். ஒரு வீட்டின் வாசலில் சங்கிலி உங்கள் கைக்கு மாறும் அந்த நொடியில் பொறுப்பின் பெரும்பகுதியும் உங்கள் கைக்கு மாறிவிடுகிறது. பதிவு, உரிமம், வரி ஆகியவற்றையெல்லாம் இந்த உண்மையை அடியாகக் கொண்டே திட்டமிட வேண்டும்.

இலங்கையில் ஒருவர் இன்னொருவருக்கு விளைவிக்கும் தீங்குகளுக்கான சட்டம் உரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வருவது. வளர்ப்பு விலங்கு விளைவித்த தீங்குக்கு அதன் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் பழைய வழக்குரிமை ஒன்று அந்த மரபில் உண்டு. எனினும் நடைமுறையில் வாதம் பெரும்பாலும், அந்த நேரத்தில் நாயைக் கட்டுப்படுத்த வேண்டியவர் யார், அவர் நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டாரா என்ற கேள்விகளைச் சுற்றியே சுழல்கிறது. இதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் 1993இல் வெளியான மேன்முறையீட்டுத் தீர்ப்பொன்றை இத்தகைய வேளைகளில் நான் எடுத்துச் சொல்வதுண்டு. உரிமையாளர் தமது நாயை வேறொருவரின் பொறுப்பில் விட்டு வெளிநாடு சென்றிருந்தார், திருத்த வேலைக்கு வருபவர் ஒருவர் நாயை அடைத்து வைக்குமாறு முன்கூட்டியே கேட்டிருந்தும், பொறுப்பிலிருந்தவர் அதனைச் செய்யவில்லை, நாய் கடித்துவிட்டது. உரிமையாளர் பொறுப்பாளி அல்லர் என்று அந்த நீதிமன்றம் தீர்த்தது. வெளிநாட்டுத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் உரிமையாளரின் சட்டத்தரணி எந்த வழியால் நடக்கப் பார்ப்பார் என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. இதற்கு அப்பால், தம் வசமுள்ள விலங்கினால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவதைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகவும் கொள்கிறது.

இனிப் பதிவுக்கு வருவோம். தனி ஒருவராகத் தொடங்குவோர் தமது சொந்த முழுப் பெயரைத் தவிர வேறு பெயரில் தொழில் நடத்துவதாயின் அந்த வணிகப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். கொழும்பு மேல் மாகாணத்துக்குள் அடங்குவதால் அந்த மாகாணத்தின் வணிகப் பெயர்ப் பதிவு முறையே பொருந்தும். விண்ணப்பம் உங்கள் தொழில் முகவரி அமைந்துள்ள பிரதேச செயலகத்தின் வழியாகச் செல்லும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கிருலப்பனை ஆகியவை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவுக்கும், கொட்டாஞ்சேனை, மட்டக்குளி ஆகியவை கொழும்புப் பிரிவுக்கும் உரியவை என்பதை மறந்து தவறான வரிசையில் அரை நாள் நின்றவர்களை நான் அறிவேன். கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் முகவரிக்கான சான்றும் தேவைப்படும். வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை முதலிலேயே பெற்றுக்கொள்வது நல்லது. இந்தச் சான்றிதழ் வங்கிக் கணக்குத் திறக்க உதவும். ஆனால் அது தொழில் உரிமமும் அன்று, அந்தப் பெயர் உங்களுக்கே உரியது என்று கூறும் வர்த்தகக் குறியும் அன்று.

இரு நண்பர்கள் சேர்ந்து தொடங்கினால் அது பங்குடைமை. மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. அன்றைய பெருந்தொகை இன்று இரண்டு நல்ல சங்கிலிகளின் விலைக்குக்கூடப் போதாது. ஆகவே வாய்ப்பேச்சுப் பங்குடைமை எதுவும் இன்று பாதுகாப்பானதில்லை. ஒரு பங்காளியின் தவறுக்கு மற்றவரும் பதில் சொல்ல நேரிடும் என்பதையும் இருவரும் அறிந்திருக்க வேண்டும்.

"கம்பனியாகப் பதிந்துவிட்டால் என் வீட்டுக்கு ஆபத்தில்லைத்தானே, சேர்?" என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் ஒரே பங்குதாரருடன் தனியார் கம்பனி தொடங்கலாம். கம்பனிச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். ஆண்டுதோறும் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். கம்பனியின் கடன்களிலிருந்து அது உங்களைக் காப்பது மெய்யே. ஆனால் நீங்களே சங்கிலியைப் பிடித்திருந்து, உங்கள் கவனயீனத்தாலேயே நாய் விடுபட்டிருந்தால், அந்தத் தீங்கு உங்கள் சொந்தத் தீங்கு. கம்பனி என்ற திரைக்குப் பின்னால் நின்று அதனை மறுக்க இயலாது. நீங்கள் வேலைக்கு வைத்தவரின் கவனயீனத்துக்குத் தொழில்தருநர் பொறுப்பேற்க வேண்டிய நிலையில்தான் கம்பனி பெரிதும் பயன்படும். எனவே தனியாக நடக்கும் வரை வணிகப் பெயர் போதும், ஆட்களை அமர்த்தும் கட்டத்தில் கம்பனியைப் பற்றி யோசியுங்கள் என்பதே எனது வழமையான ஆலோசனை. இதனால் எனக்கு வரக்கூடிய கட்டணம் குறைகிறது என்று என் எழுதுவினைஞர் குறைபட்டுக்கொள்வதுண்டு.

ஆள் அமர்த்தும்போது, ஒருவரே ஆனாலும், பகுதி நேரமே ஆனாலும், ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதமும் செலுத்த வேண்டும். தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய். வேலையின்போது நாய் கடித்தால் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி உங்களிடம் நட்டஈடு கோரும் உரிமை அவருக்கு உண்டு. பக்கத்து வீட்டுப் பாடசாலைச் சிறுவனுக்குக் கைச்செலவு கொடுத்து இரண்டு நாய்களைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை உடனே நிறுத்துங்கள்: தொழிலுக்கான குறைந்தபட்ச வயது 2021இல் 16ஆக உயர்த்தப்பட்டுள்ளது; பெரிய நாயொன்றை நெரிசலான வீதியில் இழுத்துப் பிடிப்பது அந்த வயதினருக்கும் ஏற்ற வேலையன்று.

நாய்களைப் பற்றிய எமது சட்டங்கள் பழமையானவை. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டம், 1901ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம், 1907ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் ஆகிய மூன்றும் உங்கள் அன்றாட வேலையைத் தொடுகின்றன. நாயை ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு செய்வது உரிமையாளரின் கடமை. அதனைச் செய்தாரா என்று கேட்டு, பதிவுச் சீட்டினதும் தடுப்பூசி அட்டையினதும் பிரதியைப் பெறாமல் எந்த நாயையும் ஏற்காதிருப்பது உங்கள் கடமை என்பேன். தடுப்பூசிக் காலம் முடிந்த ஒரே நாயினால் நீங்கள் பிடித்துச் செல்லும் மற்ற ஐந்து நாய்களும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நீங்களும் உங்கள் ஊழியர்களும் கடிபடுவதற்கு முன்பே பெறக்கூடிய விசர்நாய்த் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிவது அவசியம். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுத் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எந்த மன்றத்தின் எல்லைக்குள் நடக்கிறீர்கள் என்பதும் முக்கியம். வெள்ளவத்தை கொழும்பு மாநகர சபைக்குரியது, தெற்கே தெஹிவளை வேறொரு மாநகர சபைக்குரியது, ராஜகிரிய ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை மாநகர சபைக்குரியது. வியாபார வரி உங்கள் தொழில் முகவரியைப் பொறுத்தது. பூங்காக்களின் விதிகளோ ஒவ்வோர் இடத்துக்கும் அதன் நிர்வாகத்தைப் பொறுத்து மாறும். விகாரமகாதேவி பூங்கா, சுதந்திர சதுக்கம், தியத்த உயன போன்ற இடங்களை விளம்பரத்தில் குறிப்பிடுவதற்கு முன் அவ்விடத்து நிர்வாகத்திடம் அனுமதி நிலையைக் கேட்டறியுங்கள். தொடர்மாடிகளில், வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பான முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் துணை விதிகள், மின்தூக்கியில் நாயை ஏற்றலாமா, எந்த வாசலால் வெளியேற வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கக்கூடும். உரிமையாளர் "அதெல்லாம் பிரச்சினையில்லை" என்பார். காவலாளியோ உங்களைத்தான் நிறுத்துவார்.

இவை யாவற்றையும்விட நான் அதிக நேரம் செலவிடுவது ஒப்பந்தத்தில். இணையத்திலிருந்து எடுத்த அமெரிக்க மாதிரிப் படிவத்தில் "எந்தத் தீங்குக்கும் நாம் பொறுப்பல்ல" என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் பலர். இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் நடைமுறையில் உள்ளது. கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ தொழில் நடத்துபவர் தமது பொறுப்பை எந்த நிபந்தனையாலும் விலக்கிக்கொள்ள அது இடமளிக்காது. சொத்து இழப்புக்கான விலக்கும் நியாயமானதாக இருந்தால் மட்டுமே செல்லும். மேலும், வீதியில் விழுந்த மோட்டார் சைக்கிள்காரர் உங்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரும் அல்லர்.

எனவே ஒப்பந்தம் தப்பிக்கும் வழியாக அன்றி, யார் எதற்குப் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடித்த பதிவாக இருக்க வேண்டும். நாய் இதற்கு முன் யாரையேனும் கடித்ததா, எதற்கு மிரளும், என்ன மருந்து உட்கொள்கிறது என்பதை உரிமையாளர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மறைத்தால் விளைவு அவரைச் சேரும் என்று எழுதுங்கள். ஒரே தடவையில் எத்தனை நாய்களைப் பிடிப்பீர்கள் என்ற எண்ணைக் குறிப்பிடுங்கள். கழுத்துப்பட்டியோடு நெஞ்சுப்பட்டியும் சேர்த்து இரட்டைப் பிணைப்பு இன்றி வெளியே எடுப்பதில்லை என்று எழுதுங்கள். வீட்டுத் திறப்பைக் கையேற்றதற்கும் திருப்பிக் கொடுத்ததற்கும் சீட்டு இருக்கட்டும். அவசர வேளையில் உரிமையாளரைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் எந்த மிருக வைத்தியரிடம், எவ்வளவு தொகை வரை சிகிச்சை பெற அனுமதி என்பதும் தேவை. ஏனெனில் சட்டம் நாயை ஓர் அசையும் பொருளாகவே பார்க்கிறது. விலைக்கு வாங்கிய நாய்க்குச் சந்தை விலை உண்டு. வீதியிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கு அப்படியொன்று இல்லை. ஆனால் உரிமையாளரின் துயரமும் வைத்தியச் செலவும் இரண்டுக்கும் ஒன்றே.

வெயிலையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டு வாருங்கள். கொழும்பின் தார் வீதி பகல் பத்து மணிக்கே பாதத்தைச் சுடும். தட்டை முகம் கொண்ட நாய்கள் வெக்கையில் மூச்சுத் திணறி விழும். "மதிய உலா" கேட்கும் உரிமையாளரை மறுக்கும் உரிமை உங்களிடம் எழுத்தில் இருந்தால், விலங்கு வதை என்ற முறைப்பாட்டிலிருந்தும் அது காக்கும். கட்டணம் தராத உரிமையாளரின் நாயைப் பிடித்து வைத்திருக்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம், பொலிஸ் முறைப்பாடு உங்கள் மீதுதான் வரும். முற்பணம் வாங்குங்கள்.

காப்புறுதியில் ஒரு பொறி உண்டு. பொதுப் பொறுப்புக் காப்புறுதி மூன்றாந் தரப்பினருக்கு ஏற்படும் காயத்தையும் இழப்பையும் ஈடுசெய்யும். ஆனால் உங்கள் பராமரிப்பிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள பிறர் சொத்தை இத்தகைய பத்திரங்கள் வழமையாக விலக்கிவிடும். நாயே அந்தச் சொத்து. ஆகவே பத்திரத்தின் விலக்குகள் பகுதியை முதலில் படித்து, நாய்க்கு நேரும் காயத்தையும் அது தொலைந்துபோவதையும் தனி இணைப்பாகச் சேர்ப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

வரியைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லலாம். 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான வருடாந்த நிவாரணம், அதாவது வரி விதிக்கப்படாத வருமான எல்லை, 18 இலட்சம் ரூபாய். மாதம் 15,000 ரூபாய் வீதம் பத்து நாய்களுக்கு வாங்கினால் ஆண்டு வரவு சரியாக அந்த எல்லையைத் தொடும். கம்பனியாயின் இந்த நிவாரணம் இல்லை, பொது வீதம் 30. வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தைத் தொடக்கத்திலேயே பெற்று, பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். மார்ச் 31இல் முடியும் ஆண்டுக்கான அறிக்கையை நவம்பர் 30க்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

அந்த இளைஞரின் கோரிக்கைக் கடிதம் நீதிமன்றம் செல்லாமலே, உரிமையாளரும் அவரும் பகிர்ந்து செலுத்திய தொகையோடு தீர்ந்தது. அதன் பின்னரே நாம் படிவத்தை நிரப்பினோம். அவர் இன்று பயன்படுத்தும் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் வாசகத்தை அவரே சொல்லி எழுதுவித்தார்: தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, கிறிஸ்மஸ் ஆகியவற்றுக்கு முதல் நாள் மாலையிலும் பண்டிகை நாளிலும் எந்த நாயும் வீட்டு வாசலைத் தாண்டி எடுக்கப்படமாட்டாது, அந்நாட்களுக்குரிய கட்டணம் கழிக்கப்படும்.