லேசர் குளத்தில் கரையாத துகள்கள்

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "தேய்ந்த ஷாஃப்ட்டை வெல்டிங்கில் நிரப்பிக் கடைந்து கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் மறுபடி வந்து நிற்கிறது. லேசரில் கோட்டிங் போட்டால் பல மடங்கு உழைக்கும் என்கிறார்களே, எப்படி?"

அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் எண்ணூர், அத்திப்பட்டுக்காரர்களுக்குச் சாம்பலைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நம் நிலக்கரியில் பெரும்பாலும் 30 சதவீதத்துக்கு மேல் சாம்பல்தான். அதிலுள்ள குவார்ட்ஸ் துகளின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1,000-ஐ ஒட்டி வரும். மைல்டு ஸ்டீல் ஏறக்குறைய 150. இப்படிப்பட்ட துகள் உரசினால் இரும்பு தேயாமல் என்ன செய்யும்? டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த டங்ஸ்டன் கார்பைடு 2,000-ஐத் தாண்டும். ஆனால் பாகம் முழுவதையும் அதில் செய்தால் விலை கட்டுப்படியாகாது, ஓங்கி அடிபட்டால் உடைந்தும்போகும். அதனால் கார்பைடு துகள்களை நிக்கல் கலவைக்குள் பதிக்கிறார்கள். கடலை மிட்டாய் மாதிரிதான்: பாகு உருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும், கடலை முழுசாக இருக்க வேண்டும்.

லேசர் வருவது இதற்குத்தான். சில கிலோவாட் கதிர், சில மில்லிமீட்டர் அகலப் புள்ளியில் விழுகிறது. இரும்பின் மேல்தோல் மெல்லிசாக உருகிச் சின்னக் குளமாகிறது. ஆர்கான் வாயு அதற்குள் பொடியை ஊதுகிறது. போரான், சிலிக்கான் கலந்த நிக்கல் கலவை 1,050 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். கார்பைடு உருக 2,800 டிகிரி பக்கம் போகவேண்டும். சரி, பிறகென்ன கவலை? உருகாவிட்டாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உருகிய நிக்கலில் கரையும். கரைந்தது உறையும்போது நொறுங்கும் தன்மையுள்ள வேறு கார்பைடுகளாக மாறும். போதாததற்கு டங்ஸ்டன் கார்பைடின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 15.6 கிராம், நிக்கல் கலவையுடையது 8 வாக்கில். விட்டால் அடியில் படிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். குளத்தின் நடுவில் சூடு அதிகம், அங்கே பரப்பு இழுவிசை குறைவு. பொதுவாக ஓரம் நடுவை இழுக்கும்; திரவம் வெளியே ஓடி, அடியில் இறங்கி, சுழன்று மேலே வரும். அந்தச் சுழற்சியே துகள்களைக் கலக்கிவிடுகிறது. கரைவதற்கோ படிவதற்கோ அதிக நேரம் கொடுக்காமல், ஒரு நொடிக்குள்ளேயே குளம் உறைந்துவிடுகிறது.

அப்புறம் தேய்மானம். மேலிருக்கும் மெத்தென்ற நிக்கல் முதலில் கொஞ்சம் தேயும். கார்பைடு துருத்திக்கொண்டு நிற்கும். துகள்களுக்கு இடையிலுள்ள சந்து மணலைவிடச் சிறியதாக இருந்தால் மணல் நிக்கலைத் தொடவே முடியாது. சாம்பலோ மணலைவிடப் பொடி, சந்தில் புகுந்து அரிக்கும். சந்தைக் குறைக்க நுண்ணிய கார்பைடு போட்டால் அது சீக்கிரம் கரைந்துபோகும்! இந்த இழுபறிக்கு நடுவில்தான் பொடியின் அளவை முடிவு செய்கிறார்கள்.

ஆறும்போது நிக்கல் அதிகம் சுருங்கும், கார்பைடு அதில் பாதிகூடச் சுருங்காது. அதனால் விரிசல் வரலாம். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைப்பதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் விரிசலைப் பார்த்துக் 'கண்ணு பட்டுடுச்சு' என்று எலுமிச்சம்பழம் கட்டுமுன், பாகத்தை முன்கூட்டியே சூடாக்கினார்களா என்று கேளுங்கள்.

ஹைதராபாத்தில் பொடி உலோகவியலுக்கான ஏ.ஆர்.சி.ஐ. போன்ற அரசு ஆய்வகங்கள் இந்த வேலையில் நல்ல அனுபவம் உள்ளவை. ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கு, சிறு பட்டறைகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இயந்திரங்களுக்குப் போகவேண்டும் என்பது என் கட்சி.

வாசகருக்கு: ஷாஃப்ட் முழுக்க வேண்டாம், தேயும் இடத்துக்கு மட்டும் போதும். கோட்டிங் கனத்துக்கு முதலிலேயே கடைந்து இறக்கிக் கொடுங்கள். போட்டபின் சாதா லேத் டூல் அதில் நிற்காது; வைரச் சக்கரத்தில்தான் கிரைண்டிங் செய்யவேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே விலை பேசுங்கள்.