வாய்ச்சொல்லுக்குத் திகதி கிடையாது

"ஐயா, பிறப்புப் பத்திரம் இல்லாம பிள்ளைய பள்ளிக்கூடத்தில எடுக்க ஏலாதெண்டு சொல்லிட்டாங்க."

"எப்பம்மா சொன்னாங்க?"

"தைப்பொங்கல் முடிஞ்ச கையோட."

"எழுதித் தந்தாங்களா?"

"இல்ல ஐயா, வாயாலதான்."

2016 பங்குனிக் கடைசியில் சம்பூரிலிருந்து வந்த தாய் அவர். கிளிவெட்டி இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த காலத்தில் பிறந்த மகன். அலைச்சலில் பிறப்புப் பதியப்படவே இல்லை. தரம் 1 வகுப்பு தொடங்கி மூன்றாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

திருகோணமலையில் சட்டத்தரணியாக நான் பார்த்த பாடசாலைப் பிரச்சினைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வந்து சேரும்: பிந்தி, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல்.

சட்டம் இல்லாமலில்லை. 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதி, 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வரை பள்ளி செல்வதைக் கட்டாயமாக்கியது. 2016 இல் அது 16 வரை நீண்டது. பிள்ளையை அனுப்பாத பெற்றோர் மீது வழக்கே வரலாம். அனுப்பச் சொல்லும் அரசு, கூட்டிக்கொண்டு வந்தவளை வாசலில் மறிப்பது என்ன நியாயம்?

ஆனால் வழக்கென்று போனால் வேறு சிக்கல். கல்வி உரிமை நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் இல்லை. 27 ஆம் உறுப்புரையில், அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடாகக் கிடக்கிறது. அதை வைத்து நீதிமன்றம் ஏற முடியாது. அதனால் 12 ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைப் பிடித்துத்தான் பாடசாலை அனுமதி வழக்குகள் போகின்றன. அதுவும் மறுக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், கொழும்பு புதுக்கடையில், நாட்டின் தலைமை நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில். இரவு ரயிலேறிப் போய்வரும் செலவை ஒரு கூலிக் குடும்பத்திடம் சொல்லவே வாய் கூசும். தாமதத்தை நீதிமன்றம் மன்னித்ததும் உண்டு. அதை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

கிட்டத்தில் இருக்கும் வழி மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம். ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு. முறைப்பாட்டு இலக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொன்று, யாருக்கு எழுதுவது? அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணப் பாடசாலை மாகாணத்தின் கையில். தேசியப் பாடசாலை பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கும் கல்வி அமைச்சின் கையில். ஒரே தெருவில் இருந்தாலும் மேலிடம் வேறு. விலாசம் பிழைத்தால் கடிதம் மேசை மேசையாக அலையும், நாட்கள் போகும்.

அந்தத் தாய் வந்தபோது ஒரு மாதம் தாண்டிவிட்டது. அன்று நான் வழக்கு எழுதவில்லை. காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கச் சொன்னேன். அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம்: விண்ணப்பித்திருக்கிறோம், பத்திரம் வரும்வரை பிள்ளையை வகுப்பில் இருத்துங்கள், மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. இரண்டும் பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டை அவர் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

பத்து நாளில் பையன் இடாப்பில் ஏறிவிட்டான். கடிதத்துக்குப் பதில் மட்டும் வரவேயில்லை.