ஜல்லிக் குழியும் மழைநீரும்

சுவரில் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கீழே குழியின் மூடியைத் தூக்கினால் வாய்வரை ஜல்லி, அதன்மேல் சேறு, சேற்றில் முளைத்த புல். பள்ளிக்குப் பள்ளி இதே காட்சிதான். கேட்டால், “ஜல்லிதானே சார் தண்ணியை உறிஞ்சும்?” என்கிறார்கள்.

ஜல்லி எதையும் உறிஞ்சாது. உறிஞ்சுவது சுற்றியுள்ள மண். ஜல்லி இடத்தைத்தான் அடைக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் ஆழமும் உள்ள குழியில் ஏறத்தாழ 2,350 லிட்டர் பிடிக்கும். ஜல்லியைக் கொட்டிவிட்டால் கல் இடுக்குகளில் நிற்பது 900 லிட்டர் சொச்சம். 1 சதுர மீட்டர் தளத்தில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். 500 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 25 மி.மீ. மழை என்றால், வீணாவது போகவே 10,000 லிட்டர் இறங்கும். மிச்சமெல்லாம் மைதானத்தைச் சேறாக்கிவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது. போதாக்குறைக்கு, இடுக்கில் வண்டல் இறங்கிவிட்டால் ஜல்லி மொத்தத்தையும் அள்ளிக் கழுவினால்தான் உண்டு. யார் அள்ளுகிறார்கள்?

குழியை வெறுமையாக விடுங்கள். ஓட்டையிட்ட சிமெண்ட் உறைகளை இறக்கி, உறைக்கும் மண்ணுக்கும் நடுவே மட்டும் ஜல்லி போடுங்கள். களிமண் நிலமென்றால் மணற்பாங்கான அடுக்கு வரும்வரை தோண்ட வேண்டும். களிமண்ணோடு நிறுத்திய குழி கொசு வளர்க்கத்தான் ஆகும். குழிக்கு முன்னால் 60 செ.மீ. சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி கட்டி, வெளியேறும் குழாயை அதன் அடியிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வையுங்கள். மண் அதிலேயே தங்கிவிடும். அள்ள ஓர் ஆளும் ஒரு வாளியும் போதும். கழிவறைக் குழாயையும் கை கழுவும் சோப்புத் தண்ணீரையும் இதில் திருப்பிவிடாதீர்கள். இதையெல்லாம் எழுத வேண்டியிருக்கிறதே! வடிகட்டாத மாடித் தண்ணீரை நேராக ஆழ்துளைக் கிணற்றில் விடுவதும் அதே ரகம். மூடி கான்கிரீட்டில், பூட்டோடு இருக்கட்டும். பிள்ளைகள் ஓடும் இடம்.

மழைநீரைக் குழியில் இறக்காமல் தொட்டியில் பிடித்துப் புழங்குவதாக இருந்தால், மழையின் முதல் தண்ணீரைச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வீதம் வெளியே விட்டுவிடுங்கள். புறா எச்சம் அதில்தான் வரும். உடைந்த பெஞ்சுகளை மாடியில் அடுக்கும் வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள். குழாய் வாயை அடைப்பது பெரும்பாலும் அவற்றுக்கடியில் சேரும் இலைதான்.

குழி தோண்டுமுன் ஒரு வேலை இருக்கிறது: கையில் இருக்கும் தண்ணீர் ஒழுகிப் போகிறதா என்று பாருங்கள். விடுமுறைக்கு முந்தைய மாலை மோட்டாரை நிறுத்தி, மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைக் குறித்து வையுங்கள். யாரும் புழங்காத கட்டடத்தில் காலைக்குள் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டியில் 5 செ.மீ. இறங்கினால் 200 லிட்டர் போயிற்று. முதலில் கழிவறைகளைப் பாருங்கள். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் நீலம் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் அதைத் தொடாதீர்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் அடி வாஷர் போய்விட்டது; அன்றைக்கே மாற்றுங்கள்.