ஊரில் பொது நிலையம் கட்டப்போகும் கொழும்புச் சங்கங்களுக்கு

வெள்ளவத்தையில் கூடும் ஊர்ச் சங்கங்களில் பொது நிலையப் பேச்சு எழுந்தால் முதலில் மேசைக்கு வருவது கட்டட வரைபடம். அதற்கு முன்னே வரவேண்டிய தாள்கள் இரண்டு: காணி உறுதி, ஒரு வார நேர அட்டவணை.

காணியில்தான் அதிகம் சறுக்குகிறது. 'ஊருக்குத் தந்தாச்சு' என்ற வாய்ப்பேச்சு அடுத்த தலைமுறையில் நிற்காது. கொடுப்பவருக்கு இருப்பது முழுக் காணியா, பிரிபடாத பங்கா என்று பாருங்கள். பங்கு என்றால் கனடாவில் இருக்கும் சகோதரரின் ஒப்பமும் வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் காணியைக் கொடுக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்காமல் ஒரு கல்லும் வைக்க வேண்டாம். நம்பிக்கையான ஆள் என்று தலைவர் பெயரில் எழுதிவிடுவதும் உண்டு. அவர் காலமானால் அது அவர் பிள்ளைகளின் முதுசம்.

அட்டவணையில் ஏழு நாளுக்கும் காலை, பிற்பகல், மாலை என 21 கட்டங்கள் போடுங்கள். பத்திரிகை வாசிக்க வருபவர்கள், முன்பள்ளி, ரியூசன், மாதர் சங்கம் என ஊரில் இருப்பவர்களே அதை நிரப்பட்டும். கலியாணமும் ஆண்டுவிழாவும் மட்டுமே விழுந்தால், கட்டடத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

நிரம்பிய கட்டங்கள்தான் கட்டடத்தின் அமைப்பைச் சொல்லும். குழந்தைகளுக்கு நிறை பார்க்கும் கிளினிக் மாதம் ஒருமுறை நடக்கும் என்று வைப்போம். குடும்பநல மாது தராசைத் தொங்கவிடக் கூரை வளையில் ஒரு கொளுக்கி, கை கழுவத் தொட்டி, கர்ப்பிணிகளைப் பார்க்க ஒரு மறைவான மூலை, வெளியே நிழலில் வாங்கு: இவ்வளவும் கட்டும்போதே போட்டால் சில்லறைச் செலவு.

நிரந்தர மேடைக்கு எல்லாருக்கும் ஆசை. 20 அடி அகலம், 30 அடி நீளமான மண்டபத்தில் 8 அடி ஆழ மேடை 160 சதுர அடியை விழுங்கும். கால்வாசிக்கும் மேல்! கழற்றி அடுக்கும் பலகை மேடை போதும்.

சாய்தளத்தைக் கடைசியில் செருகுவார்கள். 1:12 சாய்வுக்கு (ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம்) தரை 18 அங்குலம் உயர்ந்தால் 18 அடி நீளம் வேண்டும். ஆறடியில் முடித்தால் சக்கர நாற்காலி ஏறாது. மோட்டார் சைக்கிள் ஏறும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியைக் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளியதோடு நிம்மதியடைய முடியாது. கல்லின் வெடிப்புகள் வழியே கழிவுநீர் வேகமாக ஓடும். அடித்தளமும் சுவரும் கசியாத தொட்டியாகக் கட்டுங்கள்.

சேரும் பணம் முழுவதையும் சீமெந்தில் போடாதீர்கள். கட்டடச் செலவில் ஆண்டுக்கு 2 வீதமாவது பராமரிப்புக்கு வேண்டும். ஒரு கோடிக்கு 2 இலட்சம். மின்கட்டணமும் திறந்து பூட்டுபவரின் சம்பளமும் அதற்கு வெளியே. அந்த ஆள் யார், பிற்பகல் மூன்று மணிக்குச் சாவி யார் கையில் என்று பெயரோடு எழுதிய பிறகு ஒப்பந்தகாரரைக் கூப்பிடுங்கள்.